கூடங்குளமும் முப்பந்தலும்: அணுமின், காற்றாலை மின் செலவுகளின் வரலாறு

தமிழகத்தின் தென்கோடியில் அணுமின் நிலையமும் காற்றாலைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கின. 1986-இல் தூத்துக்குடிக் கடற்கரையில் 55 கிலோவாட் திறனுள்ள சிறு காற்றாலைகள் சோதனை முயற்சியாக நிறுவப்பட்டன. 1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரண்டின் செலவையும் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான களம் இந்தியாவில் இல்லை எனலாம்.

காற்றாலைகள் சிறிது சிறிதாகப் பெருகின. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தலை நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றாக்கியது. முதலீடு செய்தவர்களில் பலர் நூற்பாலை உரிமையாளர்கள். தங்கள் ஆலைக்கு மின்சாரம் வேண்டும் என்பது ஒரு காரணம். காற்றாலையின் விலையை விரைவுத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்பது இன்னொன்று. அந்த வரிச்சலுகை மின்கட்டணக் கணக்கில் தெரியாவிட்டாலும், பொதுப்பணத்திலிருந்து சென்ற செலவுதான்.

கூடங்குளத்தில் அப்படிச் சிறிதாகத் தொடங்க வழியில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததால் திட்டம் கிடப்பில் விழுந்தது. 1998-இல் ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தம் செய்யப்பட்டு, 2002 மார்ச்சில்தான் உலைக்கான கான்கிரீட் போடப்பட்டது. தலா 1,000 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகளுக்கும் மதிப்பிடப்பட்ட செலவு 13,171 கோடி ரூபாய். முதல் உலை 2007 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். கருவிகள் வந்துசேர்வதில் தாமதம், ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரையில் வலுப்பெற்ற மக்கள் போராட்டம் எனக் காலம் நீண்டு, 2014 டிசம்பர் 31 அன்றுதான் அது வணிக உற்பத்தியைத் தொடங்கியது. செலவு 22,462 கோடியாக உயர்ந்தது.

அணுமின் செலவின் அடிப்படை இதில் தெரிகிறது. அணு எரிபொருளுக்கு ஆகும் செலவு ஒப்பீட்டளவில் குறைவு. கட்டுமானத்துக்கே பெரும்பணம் போகிறது. அந்தப் பணம் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராமல் ஆண்டுக்கணக்கில் முடங்கும்போது வட்டியும் சேர்கிறது. முதலில் ஒரு மெகாவாட்டுக்கு சுமார் 6.6 கோடி ரூபாய் என்றிருந்த செலவு 11.2 கோடியானது. மூன்றாம், நான்காம் உலைகளுக்கான மதிப்பீடு 39,849 கோடி. அதாவது மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 20 கோடி. 2010-இல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் பொறுப்புகளும் இந்த உயர்வுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன.

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் விலை எதிர்த்திசையில் சென்றது. 2014-இல் தமிழகம் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். ஏல முறை வந்தபின், 2017 பிப்ரவரியில் காற்றாலை மின்சாரம் 3.46 ரூபாய்க்கும், அதே ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் 2.44 ரூபாய்க்கும் இறங்கின. கூடங்குளத்தின் இரண்டாம் உலை வணிக உற்பத்திக்கு வந்ததும் அந்த ஆண்டு மார்ச்சில்தான்.

ஆனால் இந்த விலைகளை அப்படியே அருகருகே வைத்தால் கணக்கு தவறும். மே முதல் செப்டம்பர் வரை சுழலும் காற்றாலை, தை, மாசியில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அதனால் ஒரே மெகாவாட் திறனுள்ள அணு உலை, நன்றாக இயங்கும் ஆண்டில், காற்றாலையைப்போல் சுமார் மூன்று மடங்கு யூனிட் தரும். காற்று வீசும் மாதங்களில் மின்வாரியத்திடம் கொடுத்துவைத்த யூனிட்டுகளைப் பின்னர் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதி தமிழகக் காற்றாலைகளுக்கு உண்டு. கொடுத்த மின்சாரம் எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. காற்றில்லாத நாளில் வாரியம் வேறு நிலையங்களிலிருந்து ஈடுகட்டுகிறது. அந்தச் செலவு ஏல விலையில் இல்லை. மாலை ஏழு மணிக்கு மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது பட்லாவின் 2.44 ரூபாய் மின்சாரமும் கிடைக்காது.

அணு மின்கட்டணத்திலும் விடுபடல் உண்டு. ஆயுள் முடிந்த உலையைப் பிரித்தெடுக்க இந்தியாவில் யூனிட்டுக்கு வசூலிக்கப்படும் தொகை 2 பைசா. முப்பந்தலில் பழைய காற்றாலையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியது நிறுவலாம். நாட்டின் அணுமின் உலைகளில் எதுவும் இதுவரை முழுமையாகப் பிரித்தெடுக்கப்படாததால், அந்த 2 பைசா இன்னும் சோதனைக்கு உள்ளாகவில்லை.