பழையதும் காலிப் பாட்டிலும்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு அரண்மனை வாசல் தெரிகிற அளவுக்கு வீட்டுக் கொல்லைப்புறம் தெரிவதில்லை. எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்று கேளுங்கள், தேதியோடு சொல்லுவார்கள். அந்த ராஜாவின் காலத்தில் மிஞ்சின சோற்றை ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் அம்பத்தூரில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த சரித்திரம் கொல்லைப்புறத்துச் சரித்திரந்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு பானைகள் முக்கியமானவை. ஒன்று கழுநீர்ப் பானை. அரிசி களைந்த நீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில் சேரும். மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். மற்றொன்று பழையது பானை. இரவு மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் அது பழையது. மேலே தெளிந்து நிற்பது நீராகாரம். வெந்நீர் அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. பிழிந்த புளிச்சக்கை பித்தளையை விளக்க. கிழிந்த வேட்டி கரித்துணி. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். அவருக்கும் வேண்டாதது காயலான் கடைக்குப் போகும். காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் அது என்று சொல்வதுண்டு. 2016-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த திடக்கழிவு விதிகள், ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்கச் சொல்லின. "இதற்குமா சட்டம்?" என்று என் தாயார் சிரித்தாள்.

காயலான் கடைக்குப் போகும் சாமான்களில் காலிப் பாட்டிலும் ஒன்று. அது வீட்டுக்குள் வந்த கதையில் அரசாங்கத்தின் கதையும் கலந்திருக்கிறது. 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் ஓமந்தூரார் மந்திரிசபை மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் விரித்தது. 1955 ஜனவரியில் எங்கள் ஊருக்கு அடுத்த ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் செய்த போது, சுற்றுவட்டாரத்தில் சட்டப்படி ஒரு கள்ளுக்கடை கிடையாது. அந்த நாளில் பாட்டில் என்றால் மருந்து, எண்ணெய், மண்ணெண்ணெய்.

பிறகு 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1981-ல் மறுபடியும் திறந்தன. மொத்த வியாபாரத்துக்காக 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 1980-களின் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்த பாட்டில்களில் மண்ணெண்ணெய் வாசனை இல்லை.

எதிர் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு காலை திண்ணைத் தூணில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவள் ஒரு சொம்போடு வருவாள். "அக்கா, கொஞ்சம் நீராகாரம் இருந்தா ஊத்துங்க."

அம்மா உப்பும் நாலு சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுப்பாள். "ஏம்மா, வாராவாரம் வைத்தியமா?" என்பாள். அத்தை பதில் சொல்ல மாட்டாள்.

அந்த வைத்தியத்தில் உண்மை உண்டா? பாதி உண்டு. மது சிறுநீரை அதிகமாக வெளியேற்றி உடம்பை வறள வைக்கிறது. நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தருகின்றன. பழையது புண்பட்ட வயிற்றுக்கு இதமாயிருக்கிறது. அதற்குமேல் அதற்குச் சக்தி கிடையாது. 180 மில்லி கொண்ட ஒரு 'குவார்ட்ட'ரில் ஏறக்குறைய 60 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. ஈரல் ஒரு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஆகவே ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். காலையில் இன்னொரு மடக்கு விட்டால் தெளியும் என்பது கடனை அடைக்கக் கடன் வாங்குகிற சமாசாரம். தலைவலிக்குப் பாரஸிடமால் போட்டால் ஏற்கெனவே தவிக்கிற ஈரலுக்கு இன்னொரு சுமை. 2005-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அதுவரை நடந்த பரிசோதனைகளை அலசிப் பார்த்து, இதற்கு நிரூபணமான மருந்து எதுவும் இல்லை என்று எழுதிற்று.

ஒன்றை மட்டும் பழையது பானையிடம் விடக் கூடாது. மறுநாள் கண் மங்கினால், மூச்சு வாங்கினால், அது வெறும் போதையின் மிச்சம் அல்ல. மெதனால் கலந்த விஷச் சாராயமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான்.

அத்தையிடம் திரும்புவோம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவள் காலிப் பாட்டில்களைக் கழுவி, சாக்கில் கட்டிக் காயலான் கடைக்கு எடுத்துப் போவாள். அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்குவாள். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள்: "பதினெட்டு பாட்டில்க்கா. மூணு நோட்டு வந்துச்சு. முழுசா இருந்தப்ப இதெல்லாம் என்ன வெலைன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். பாதியிலயே விட்டுட்டேன்."

2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் ஒரு புது ஏற்பாடு செய்தது. காட்டில் எறிந்த பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், ஹைகோர்ட்டு உத்தரவின்படி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் அதிகமாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தந்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. கண்ணாடியை எத்தனை தரம் உருக்கினாலும் குணம் கெடுவதில்லை. யானைக்கும் கால் தப்பியது.

ஆனால் செய்தியைப் படித்தபோது எனக்கு யானை ஞாபகம் வரவில்லை. சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த அத்தைதான் ஞாபகத்துக்கு வந்தாள். காலிப் பாட்டிலுக்கு விலை தர இன்று கடை இருக்கிறது. அவள் பாதியில் விட்ட கணக்கின் மீதித் தொகையை எந்தக் கடையில் போய்க் கேட்பது?