மருந்தும் ஊறும்: என்புமச்சை மாற்றுச் சிகிச்சை வரலாற்றில் சைக்குளோஸ்போரின்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய் தீர்க்க வந்த மருந்தே நோயாளிக்கு ஊறு செய்த இடங்களையும் சேர்த்து நோக்கும்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறும். என்புமச்சை மாற்றுச் சிகிச்சை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சிறுநீரக மாற்றில் நோயாளியின் உடலே புதிய உறுப்பை எதிர்க்கின்றது. என்புமச்சை மாற்றிலோ, வழங்கியவரின் நிணநீர்க்கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகின்றன. இதனைத் தடுக்க, ஈ. டொனல் தோமஸ் தலைமையிலான சியாற்றில் குழுவினர் நெடுங்காலம் மெதோற்றெக்சேற்றைக் கையாண்டனர். அம்மருந்து வாயில் கடும் புண்களை உண்டாக்கியது; புதிய மச்சை வேரூன்றுவதையும் தாமதப்படுத்தியது.

1972 இல், பாசல் நகரின் சண்டோஸ் நிறுவன ஆய்வுகூடத்தில், நோர்வே மண்ணிலிருந்து பெற்ற பங்கசு ஒன்றின் சாறு நிர்ப்பீடனத்தை அடக்கவல்லது எனக் கண்டறியப்பட்டது. அதிலிருந்து பெறப்பட்ட சைக்குளோஸ்போரின் மச்சையை நலிவிப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. 1978 இல் கேம்பிரிட்ஜில் றோய் கான் குழுவினர் அதனைச் சிறுநீரக மாற்றிலும், இலண்டனில் பவுல்ஸ் குழுவினர் என்புமச்சை மாற்றிலும் பயன்படுத்தினர். விலங்குச் சோதனைகள் முன்னுணர்த்தாத சிறுநீரகப் பாதிப்பு மனிதரிடத்தே வெளிப்பட்டது. உயர் குருதியமுக்கம், வலிப்பு, கடுந்தொற்று ஆகியனவும் பின்னர் அறியப்பட்டன.

1986 இல் சியாற்றில் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, குறுகியகால மெதோற்றெக்சேற்றுடன் சைக்குளோஸ்போரினைச் சேர்த்து வழங்குவது, பின்னதைத் தனியே வழங்குவதிலும் சிறந்தது எனக் காட்டியது. எனினும் இரண்டின் ஊறுகளும் முற்றாக நீங்கவில்லை. மருந்தின் அளவைக் குருதியில் இடையறாது அளந்தறிதல் இன்றியமையாததாயிற்று. அத்தகைய ஆய்வுகூட வசதி எட்டாத இடத்தில் அம்மருந்து மட்டும் சென்றடைதல் முழுமையான சிகிச்சையாகாது என்பதை நாம் மறத்தலாகாது.

தாக்கும் கலங்களை முன்னரே அகற்றிவிடும் முறையும் 1980களில் முயலப்பட்டது. தாக்குதல் குறைந்தது, ஆயின் குருதிப்புற்று மீளுதல் கூடியது. நோயாளியைத் தாக்கிய அதே கலங்களே அவரது புற்றையும் அழித்து வந்தன என்பது இதனாற் புலனாயிற்று. எனவே, இங்கு ஊறு என்பது சிகிச்சைக்குப் புறம்பான விபத்தன்று. அதன் ஆற்றலோடு உடன்பிறந்த முரண்பாடு என்றே நாம் கொள்ளவேண்டும்.