சாரத்தில் ஏறியவர்களும் சட்டமும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயரின் உருவத்தோடு, அதை எழுப்பிய விருத்தாசலத்துச் சேவகப்பெருமாள் உள்ளிட்ட தச்சாசாரியர்களின் உருவங்களும் பெயரோடு இடம்பெற்றிருப்பது அரிய மரியாதையே. ஆனால் சாரத்தில், அதாவது உயரத்தில் நின்று வேலை செய்யக் கம்புகளால் கட்டப்படும் தற்காலிகத் தாங்கலில், கல்லும் சுண்ணாம்பும் சுமந்து ஏறிய கூலியாட்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

அவர்களைச் சட்டம் கவனித்ததும் தாமதமாகத்தான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்து நேர்ந்த பிறகு பணம் கொடுக்கச் சொன்னதே தவிர, விபத்தைத் தடுக்கும் பொறுப்பை எவர்மீதும் சுமத்தவில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் உருவானது. அதன் நோக்கமும் பெரும்பாலும் நிவாரணமே.

கட்டுமானத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்தான், விபத்தைத் தடுக்கப் போதிய, இடைவிடாத மேற்பார்வை தருவதை வேலையளிப்பவரின் கடமையாக்கி, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்புக் குழுவையும் கட்டாயமாக்கியது. ஆயினும் 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில், கட்டி முடிக்கப்படாத பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். மேலும், பத்துப் பேருக்குக் குறைவானோரைக் கொண்டு நடந்த கட்டுமான வேலைகள் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை என்பதால், சிறு நகரங்களில் கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் சவுக்குக் கம்புச் சாரம் கட்டி எழுப்பிய வீடுகளை அது எட்டவேயில்லை.