நாய்க்கு ஸ்வெட்டரா? - கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் தில்லிக் குளிர்

டிசம்பர் பிறந்தால் தில்லியில் மூன்று விஷயங்கள் தவறாமல் நடக்கும். மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பெட்டியிலிருந்து ரஜாய் வெளியே வரும். காலை நடையில் நாய்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரும். முதல் இரண்டும் இங்கே இருக்கும் நம்மவர்களுக்குப் பழகிவிட்டன. மூன்றாவதைப் பார்த்தால் மட்டும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. "கடவுளே அதுக்கு ஒரு சட்டை தச்சுக் குடுத்திருக்காரே, அதுக்கு மேல இன்னொண்ணு எதுக்கு?" என்று என் மாமியார் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சட்டை எந்த ஊர்க் குளிருக்காகத் தைத்தது என்று பார்க்க வேண்டாமா? பதில் அங்கேதான் இருக்கிறது. அதைத் தேடிப் போனபோது கிடைத்த சரித்திரம் சுவாரசியமாக இருந்தது. பதிவு சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தென் துருவத்துக்குப் போய்விட்டு வருவோம். 1911-இல் நார்வேக்காரர் அமுண்ட்சென்னும் இங்கிலாந்தின் ஸ்காட்டும் துருவத்தை முதலில் தொடுவது யார் என்று போட்டி போட்டார்கள். ஸ்காட் நாய்களோடு மட்டக் குதிரைகளையும் கொண்டு போனார். ஒவ்வொரு முகாமிலும் அந்தக் குதிரைகளுக்குக் கம்பளி போர்த்தி, காற்றை மறைக்கப் பனிக்கட்டியால் சுவர் கட்டினார்கள். அமுண்ட்சென் நம்பியது கிரீன்லாந்து நாய்களை. அவற்றுக்குப் போர்வையும் இல்லை, சுவரும் இல்லை. பனியில் சுருண்டு, வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு தூங்கின. 1911 டிசம்பர் 14-ஆம் தேதி அமுண்ட்சென் துருவத்தை அடைந்தார். (அக்டோபரில் 52 நாய்களோடு கிளம்பியவர் திரும்பியபோது இருந்தவை 11தான். பல நாய்களை வழியில் உணவுக்காகக் கொன்றார்கள். அது முன்பே போட்ட திட்டம். இந்தச் சோகத்தைச் சொல்லாமல் அவர் வெற்றியை மட்டும் சொல்வது சரியில்லை.)

அந்த ரோமத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதே வருடம் செப்டம்பரில் அமுண்ட்சென் அவசரப்பட்டு ஒருமுறை கிளம்பிப் பார்த்தார். குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனது. நாய்களின் பாதங்கள் உறைந்து புண்ணாகின. பேசாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்த நாய்கள் எப்படித் தாங்கின? அவற்றின் உடம்பில் இரட்டை அடுக்கு ரோமம் இருக்கிறது. மேலே நீளமான முரட்டு ரோமம், அது பனியையும் ஈரத்தையும் தள்ளிவிடும். கீழே பஞ்சு போன்ற அடர்ந்த ரோமம், அது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரஜாய் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். கதகதப்பைத் தருவது பஞ்சு இல்லை, பஞ்சுக்குள் சிக்கிக்கொண்ட காற்று. அலாஸ்காவின் பாயிண்ட் பாரோவில் ஷோலாண்டர், இர்விங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வடதுருவ மிருகங்களையும் வெப்பமண்டல மிருகங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1950-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்பமண்டல மிருகங்கள் லேசாகக் குளிர்ந்தாலே உடம்பில் அதிகம் 'எரிபொருள்' எரித்துச் சூடு உண்டாக்க வேண்டியிருந்தது. துருவ நரிக்கோ மைனஸ் 40 வரைக்கும் அந்தக் கவலையே இல்லை. குளிரைத் தாங்குவதில் பெரிய பங்கு மனோதிடத்துக்கு அல்ல, ரோமத்துக்குத்தான்.

பாதம் சங்கதி இன்னும் அழகு. நாயின் பாதத்தில் சூடான ரத்தம் கொண்டுவரும் குழாயும் குளிர்ந்த ரத்தம் திரும்பிப் போகும் குழாய்களும் நெருங்கி ஒட்டியிருக்கின்றன. போகிற ரத்தம் வருகிற ரத்தத்திடம் சூட்டை வாங்கிக்கொண்டே மேலே போகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் இதை விளக்கிக் காட்டினார்கள். சாதாரண குளிரில் நாய் வெறுங்காலோடு நடப்பதன் ரகசியங்களில் இது ஒன்று.

சரி, அப்படியென்றால் நாய்க்குச் சட்டை போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? துருவத்திலிருந்து வரவில்லை. ராஜாக்களின் வேட்டைக் கொட்டிலிலிருந்து வந்தது.

வேகமாக ஓடும் வேட்டை நாய்க்கு ஒல்லி உடம்பு, குட்டை ரோமம், தோலுக்கடியில் கொழுப்பே கிடையாது. ஓடும்போது ராஜா, நின்றால் நடுக்கம். 1387-இல் எழுதத் தொடங்கிய தன் வேட்டை நூலில் பிரான்சின் காஸ்தோன் ஃபேபுஸ் என்ற பிரபு, நாய்க் கொட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறார். வைக்கோல் பரப்ப வேண்டும், நனைந்து வரும் நாய்கள் குளிர்காயக் கணப்பு வேண்டும் என்கிறார். சட்டை வருவதற்கு முன்பே கணப்பு வந்துவிட்டது. பின்னால் ஜெர்மானியப் பிரபுக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் நாய்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கனமான கவசச் சட்டைகள் போட்டார்கள். அது குளிருக்கு அல்ல, பன்றியின் கொம்பு குத்தாமல் இருக்க. சில கவசங்கள் இன்றும் அங்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நம் தில்லிக்கும் இதில் பங்கு உண்டு. அக்பருக்கு நாய்கள் பிடிக்கும், பல தேசங்களிலிருந்து வரவழைத்தார், காபூல் பக்கத்து நாய்கள் உயர்வாகக் கருதப்பட்டன, நாய்களுக்கு அலங்காரம் செய்து பெயரும் வைத்தார்கள் என்று அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீர் காலத்தில் கதை தலைகீழ். இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோவுடன் இருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரி ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஜஹாங்கீருக்கு அன்பளிப்பாகக் கப்பலேறிய ஆங்கில மாஸ்டிஃப் நாய்களில் உயிரோடு வந்து சேர்ந்தவை மிகச் சில. பாதுஷா அவற்றைப் பல்லக்கில் தூக்கவும், ஈ ஓட்டி விசிறவும் ஆள் போட்டார். தன் கையாலேயே ஊட்ட வெள்ளியில் இடுக்கி செய்துகொண்டார்! குளிர்தேசத்து நாய் இங்கே வந்தால் விசிறி. அப்படியானால் வெயில்தேசத்து நாய் குளிருக்கு வந்தால் கம்பளி. கணக்கு ஒன்றுதானே?

இதைக் கேலிப் பொருளாக்கியது 19-ஆம் நூற்றாண்டின் பாரிஸ். பணக்காரப் பெண்மணிகளின் மடிநாய்களுக்கென்றே தனித் தையல்காரர்கள் அங்கே இருந்தார்கள். காலை உலாவுக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று என்று விதவிதமாகத் தைத்தார்கள். 'நாய்ச்சட்டை என்றால் பணக்காரப் பைத்தியம்' என்ற எண்ணம் அப்போது வேர் பிடித்ததுதான். ஆனால் அதே காலத்தில் கிரேஹவுண்ட் வைத்திருந்த சாதாரண ஆங்கிலேயத் தொழிலாளிகூடத் தன் நாய்க்குக் கம்பளி போர்த்தித்தான் வெளியே கூட்டிப் போனான். அவனுக்கு அது ஆடம்பரம் இல்லை, தசை பிடித்துக்கொண்டால் நாய் ஓடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2005 ஜனவரியில் இந்தியத் தபால்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டுநாய், ராம்பூர், முதோல், நம் ராஜபாளையம். நாலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று கம்பளி மூட்டை மாதிரி இருக்கும். மற்ற மூன்றும் எலும்பு தெரியும் ஓட்டக்காரர்கள். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த மூன்றின் சாதிதான். கரிசல் காட்டு வெயிலில் முயல் துரத்தப் பிறந்த உடம்பு. மார்கழியில்கூட 20 டிகிரியை ஒட்டி இருக்கும் ஊருக்குத் தைத்த சட்டை அது.

தில்லியின் கணக்கு வேறு. சஃப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16-ஆம் தேதி மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. 2006 ஜனவரி 8-இல் 0.2, 2021 புத்தாண்டு காலையில் 1.1. எங்கள் வீட்டில் இருப்பது சாத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிப்பிப்பாறை. ஜனவரியில் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைக்கும், வாலை இடுக்கிக்கொள்ளும், விலா நடுங்கும். நாய் பாஷையில் இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே நேரம் எதிர் பிளாக்கின் பூட்டியா நாய் பனித்தரையில் மல்லாந்து படுத்திருக்கும்!

ஆக, யாருக்கு வேண்டும்? குட்டை ரோமமும் ஒல்லி உடம்பும் உள்ளவை, பொம்மை போன்ற குட்டி இனங்கள், குட்டிகள், வயதானவை, மூட்டுவலி உள்ளவை. இவற்றுக்கு 7 டிகிரிக்குக் கீழே போனால் சட்டை உதவும் என்பது பொதுவான கணக்கு. பூட்டியா, ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் போன்ற இரட்டை ரோமக்காரர்கள் ஆரோக்கியமாக இருந்தால் வேண்டாம். போட்டால் ரோமம் அமுங்கி, பிடித்து வைத்த காற்றும் போய்விடும். அவற்றுக்கு ரோமத்தை மழிக்காமல் விட்டால் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- அளவு எடுங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு, கழுத்தின் சுற்றளவு. நம் ஊர் வேட்டை நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடிசல். கடையில் கிடைக்கும் லேப்ரடார் அளவு சரியாக வராது. தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தால் பொருத்தமாகத் தைத்துவிடுவார்.
- போட்ட பிறகு துணிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குள் உரசக் கூடாது. ஆண் நாய்க்கு அடிவயிற்றுப் பக்கம் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் நாறும்.
- பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ளீஸ் சீக்கிரம் காயும். நனைந்த சட்டை சட்டையே இல்லாததைவிட மோசம்.
- பட்டன், மணி, தொங்கும் கயிறு வேண்டாம். கடித்து விழுங்கிவிடும். மூடுபனிக்கு ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருந்தால் நல்லது.
- வீட்டுக்குள் வந்ததும் கழற்றுங்கள். தினமும் ஒருமுறை தோலைப் பாருங்கள். தில்லியில் மதிய வெயில் 20 டிகிரிக்கு வந்துவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நாக்கைத் தொங்கவிட்டால் சட்டை போதும் என்று அர்த்தம்.

கடைசியாக, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. இங்கே நல்ல மனசுக்காரர்கள் பலர் தெருநாய்களுக்கும் கோணிச்சாக்கிலும் பழைய ஸ்வெட்டரிலும் சட்டை கட்டிவிடுகிறார்கள். பார்க்க நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் டிசம்பரில் கட்டியவர் பிப்ரவரியில் அவிழ்க்க வருவதில்லை. மழையில் நனைந்து, மண் ஏறி, உள்ளே உண்ணி குடியேறி, வளரும் குட்டியின் கழுத்தை இறுக்கி, மார்ச் வெயிலிலும் அதே சாக்கோடு திரியும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். அறிமுகம் இல்லாத ஆளிடம் அது கிட்டே வராது, கத்தரிக்கோலோடு எப்படி நெருங்குவது?

தினமும் சோறு வைப்பவராக, கூப்பிட்டால் நாய் வந்து நிற்கும் அளவுக்குப் பழகியவராக இருந்தால் சட்டை போடுங்கள். அவிழ்க்கும் பொறுப்பும் உங்களுடையது. இல்லையென்றால் அந்தச் சாக்கைக் கட்டாதீர்கள், விரியுங்கள். படிக்கட்டுக்கு அடியிலோ காற்று வராத மூலையிலோ ஒரு பலகை, அதன் மேல் உலர்ந்த சாக்கு, முடிந்தால் உள்ளே வைக்கோல். நாய் தானே வந்து சுருண்டுகொள்ளும், வெயில் வந்ததும் தானே எழுந்து போகும். அறுநூறு வருடத்துக்கு முன் காஸ்தோன் பிரபு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வைக்கோல் போடு, மற்றதை நாய் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் குளிரில் உங்கள் பிளாக்கில் ஒரு சாக்காவது விரியட்டும்.