கோப்பு மாற்று நெறிமுறையும் அதன் பிழைகளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கணனியிலிருந்து பிறிதொரு கணனிக்குக் கோப்பொன்றை அனுப்புதல் இன்று அற்பமான காரியமாகவே கருதப்படுகின்றது. அது தவறுமிடத்துப் பயனர் தம்மை நொந்துகொள்வர், அன்றேல் பொறியைப் பழிப்பர். ஆயின், எவ்.ரி.பி. எனச் சுருங்க வழங்கும் கோப்பு மாற்று நெறிமுறையின் பிழைகளை வரலாற்று முறையில் நோக்குவோர்க்குப் பிறிதோர் உண்மை புலனாகும். அப்பிழைகளிற் பெரும்பாலானவை எவருடைய கவனக்குறைவாலும் விளைந்தவையல்ல. ஒரு காலத்தில் முற்றும் நியாயமாயிருந்த தீர்மானங்களே சூழல் மாறியபின் பிழைகளாக உருவெடுத்தன.

அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1969இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான முதலாவது கோப்பு மாற்று நெறிமுறையை, ஆர்.எவ்.சி. 114 என்னும் ஆவணமாக 1971 ஏப்பிறிலில் வரைந்தவர் அபே பூஷன். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் தொகுதி மாணவருள் ஒருவரான இவர் அப்போது மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இருந்தார். அவர் எதிர்கொண்ட சிக்கல் கம்பியைப் பற்றியதன்று. கணனிகளின் வேற்றுமையைப் பற்றியது. பி.டி.பி.-10 கணனியின் சொல் 36 பிற் நீளமுடையது. ஏழு பிற் கொண்ட ஐந்து எழுத்துக்களை அதனுள் அடக்கினால் ஒரு பிற் எஞ்சிநிற்கும். ஐ.பி.எம். 360 கணனியோ எட்டு பிற் கொண்ட பைற்றையும் எப்சிடிக் என்னும் தனியான எழுத்துக் குறியீட்டையும் கையாண்டது. இத்தகைய இரு கணனிகளிடையே ஒரு கோப்பு ‘அப்படியே’ செல்லுதல் என்பதன் பொருள் யாது? எழுத்துக்கள் மாறாதிருத்தலா, பிற்றுகள் மாறாதிருத்தலா? இரண்டையும் ஒருங்கே காத்தல் இயலாது.

ஆதலின் தெரிவு பயனரிடமே விடப்பட்டது. எழுத்து வகை, பட வகை எனக் கோப்புக்கள் பகுக்கப்பட்டன. எழுத்து வகையில் ஒவ்வொரு வரியின் முடிவும் இரு குறியீடுகளாக மாற்றப்பட்டு வலையமைப்பிற் செல்லும். பெறும் கணனி அதனைத் தன் வழக்கத்திற்கேற்பத் திருப்பிக்கொள்ளும். பட வகையில் எதுவும் மாற்றப்படாது. இந்நெறிமுறையின் நிலைபெற்ற வடிவமான 1985 ஒக்ரோபர் மாத ஆர்.எவ்.சி. 959, பயனர் எதுவும் கூறாவிடின் எழுத்து வகையையே கொள்ளவேண்டும் என்றது. கோப்பென்றால் பெரும்பாலும் எழுத்தாவணமே என்றிருந்த உலகில் இது தகும். பின்னர் நிழற்படங்களும் சுருக்கப்பட்ட தொகுப்புக்களும் பெருகியபோது, அவற்றுள் தற்செயலாக அமைந்த பைற்றுகள் வரிமுடிவுகளாகக் கொள்ளப்பட்டு மாற்றப்பட்டன. கோப்புச் சிதைந்தது, ஆனால் சேவைக் கணனியோ ‘226, மாற்றம் நிறைவுற்றது’ என்றே அறிவித்தது. பிழையென்று அறிவிக்கப்படாத பிழையே ஆராய்வோரைப் பெரிதும் அலைக்கழிப்பது.

இச்சிதைவு எத்துணைப் பரவலாக இருந்தது என்பதற்குச் சான்று பிறிதொரு துறையிற் கிடைக்கின்றது. 1996இல் வெளியான பி.என்.ஜி. பட வடிவத்தின் கோப்பு ஒவ்வொன்றும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டுப் பைற்றுகளுடன் தொடங்கும். முதலாவது, எட்டாம் பிற்றை இழக்கச்செய்யும் வழியினூடாகக் கோப்பு வந்ததாயின் அதனைக் காட்டிக்கொடுக்கும். 13, 10 என்னும் இணையும் இறுதியில் தனித்துநிற்கும் 10உம், வரிமுடிவு எத்திசையில் மாற்றப்பட்டிருப்பினும் அதனை வெளிப்படுத்தும். பழைய நெறிமுறையின் பிழை புதிய வடிவத்தின் நெற்றியிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

பிழையை அறிவிக்கும் மொழியும் இந்நெறிமுறையோடு ஒருங்கே வளர்ந்தது. யோன் போஸ்ரெல் 1974 யூனில் வெளியிட்ட ஆர்.எவ்.சி. 640, மூவிலக்க விடைகளை ஒழுங்குபடுத்தியது. முதல் இலக்கத்தை மட்டும் நோக்கியே கட்டளை நிறைவேறியதா என்பதை நிரல் அறிந்துகொள்ளவேண்டும் என்பது அதன் நோக்கம். 2 நிறைவையும், 4 தற்காலிகத் தடையையும், 5 நிலையான மறுப்பையும் சுட்டும். 425 எனின் தரவு இணைப்பைத் திறக்க முடியவில்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 530 எனின் பயனர் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 550 எனின் கோப்பு இல்லை, அன்றேல் அதனை அணுகும் உரிமையில்லை. திரும்பத் திரும்ப முயல்வது வீண். இவ்வேறுபாட்டை அறியாது 550ஐப் பெற்றபின்பும் அதே கட்டளையை இடைவிடாது அனுப்பும் நிரல்கள் பலவாகும்.

எவ்.ரி.பி.யின் சிறப்பும் இடர்ப்பாடும் ஒருங்கே தங்கியிருப்பது அதன் இரட்டை இணைப்பிலாகும். கட்டளைகள் 21ஆம் வாயிலூடாக ஓர் இணைப்பிற் செல்லும். கோப்பு வேறோர் இணைப்பிற் செல்லும். மூலவடிவில், பயனரின் கணனி தன் முகவரியையும் வாயிலையும் ஆறு எண்களாக எழுதியனுப்ப, சேவைக் கணனியே அம்முகவரியைத் தேடிவந்து தரவு இணைப்பைத் தொடங்கும். ஒவ்வொரு கணனியும் ஏனையவற்றை நேரே அணுகக்கூடியதாயிருந்த வலையமைப்பில் இதில் எத்தடையும் இருக்கவில்லை. 1990களில் நிறுவனங்கள் தீச்சுவர்களை எழுப்பின. வெளியிலிருந்து கேளாது வரும் இணைப்பை ஐயத்துடன் நோக்குவதே அவற்றின் தொழிலாதலின், சேவைக் கணனியின் வருகை வாயிலிலேயே தடுக்கப்பட்டது. ஸ்ரீவ் பெலோவின் 1994 பெப்ருவரியில் எழுதிய ஆர்.எவ்.சி. 1579, பயனர் கணனியே இரு இணைப்புக்களையும் தொடங்கும் ‘பாசிவ்’ முறையைக் கைக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. இக்கட்டளை புதியதன்று, சேவைக் கணனிகள் இரண்டு தம்முள் நேரே கோப்பு மாற்றுவதற்கென முன்னரே இருந்துவந்தது. வேறொரு தேவைக்கெனப் பிறந்த கருவி இங்கு மீட்பாக அமைந்தது.

எனினும் மீட்பு முழுமையானதன்று. அதே 1994இல் முகவரி மாற்றும் முறை ஆவணப்படுத்தப்பட்டது. இதன்படி இடைநிற்கும் கருவி பொதியின் தலைப்பிலுள்ள முகவரியை மாற்றும். உள்ளே எழுத்தாக உள்ள ஆறு எண்களோ மாறா. அவற்றையும் மாற்றப்புகின் எழுத்துக்களின் தொகை கூடிக் குறையும், அதனால் ரி.சி.பி. வரிசை எண்களையும் தொடர்ந்து திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டும். பலரும் கண்ட அந்த விசித்திரமான அறிகுறியின் தோற்றுவாய் இதுவே: கடவுச்சொல் ஏற்கப்படும், வரவேற்பும் கிடைக்கும், ஆனால் கோப்புப் பட்டியல் கேட்டவுடன் யாவும் அசைவற்று நின்றுவிடும். கட்டளை இணைப்பு நலமாயிருக்க, தரவு இணைப்பு எவரும் அடையமுடியாத உள்முகவரியை நாடி நிற்பதே காரணம். 1998 செப்ரெம்பரில் வந்த ஆர்.எவ்.சி. 2428, முகவரியை விடுத்து வாயில் இலக்கத்தை மட்டும் தெரிவிக்கும் கட்டளையைத் தந்தது.

தரவு இணைப்பு மூடப்படுவதே கோப்பின் முடிவைக் குறிப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. இணைப்பு இடையில் அறுந்தாலும், கோப்பு முற்றாக வந்து சேர்ந்தாலும், தரவு இணைப்பில் மட்டும் நோக்குவோர்க்கு வேறுபாடு தெரிவது அரிது. 226 என்னும் விடையே தீர்ப்பு. பெருங்கோப்பொன்று நெடுநேரம் செல்லும்போது வாளாவிருக்கும் கட்டளை இணைப்பை இடைக்கருவி துண்டித்துவிடின், கோப்பு முழுமையாக வந்திருப்பினும் அத்தீர்ப்பு வந்து சேராது.

கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றமை இந்நெறிமுறையின் பெருங்குறை. 2005 ஒக்ரோபரின் ஆர்.எவ்.சி. 4217 மறைகுறியாக்கத்திற்கு வழிவகுத்தது. அதன் விளைவோ முரணானது. அதுவரை கட்டளைகளைப் படித்து முகவரியைத் திருத்தி உதவிய இடைக்கருவிகள் இப்போது எதையும் படிக்க இயலாமற் போயின. தீர்க்கப்பட்ட பழைய பிழை மீண்டும் தலைதூக்கியது.

2021இல் குறோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் எவ்.ரி.பி.யைக் கைவிட்டன. அதன் மூவிலக்க மொழியோ அழியவில்லை. தொடக்கத்தில் மின்னஞ்சலும் இந்நெறிமுறையின் கட்டளைகள் மூலமே அனுப்பப்பட்டது. பின்னர் தனி நெறிமுறையாகப் பிரிந்தபோது விடைகளின் ஒழுங்கை அது உடன்கொண்டு சென்றது. இன்றும் இல்லாத முகவரிக்கு அனுப்பிய மடல் 550 என்னும் இலக்கத்தோடு திரும்புகின்றது. உலகளாவிய வலையின் 404உம் அதே வடிவினதே. ஆயின் அங்கு 4 கேட்போரின் தவறையும் 5 சேவைக் கணனியின் தவறையும் சுட்டும். எவ்.ரி.பி.யில் 4 வந்தால் காத்திருந்து முயலலாம். வலையில் 404 வந்தபின் காத்திருத்தலாற் பெரும்பாலும் பயனில்லை.