முதல் நாவலும் முனிசீப் வேதநாயகரும்

தமிழின் முதல் நாவல் என்று அறிஞர் கொள்ளும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்தவர். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முனிசீபாக அமர்ந்து நீதி வழங்கியவர். உடன்பிறந்தாரும் உற்றாரும் சொத்தின்பொருட்டுப் பிளவுண்டு வழக்காடுவதை அவர் பன்முறை கண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை.

செய்யுள் இயற்றுவதில் அவர் முன்னரே பெயர் பெற்றவர். 1859-இல் ‘நீதிநூல்’ வெளிவந்தது. பின்னர்ப் பெண்கல்வியை வலியுறுத்திப் ‘பெண்மதி மாலை’ பாடினார். அங்ஙனமிருக்க, உரைநடையில் கதை எழுதப் புகுந்தது ஏன்? தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையை நிரப்புவதே தம் நோக்கம் என்று நாவலின் முன்னுரையில் அவரே கூறுகிறார். தலைமை மாந்தரைக் குற்றமற்ற நல்லோராகவே படைத்தமைக்கு, ஆங்கிலப் பேரறிஞர் ஜான்சனின் கருத்தைச் சான்றாகக் காட்டுகிறார். இவ்விடத்தில் நாம் அவருடன் முற்றும் உடன்படுதல் இயலாது. அறிவுரை மிகுந்து கதை தடைப்படும் பகுதிகள் நூலில் பல. 1893-இல் ‘விவேக சிந்தாமணி’யில் வெளிவரத் தொடங்கிய ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் உலவும் மனிதர்கள் நமக்கு இன்னும் அண்மையானவர்கள்.

ஆயினும் குடும்பத்தைக் கதையின் களமாகக் கொண்டது வேதநாயகரின் நுண்ணறிவு. செல்லத்தால் சீர்கெட்ட சிறுவன் பிரதாபனுக்கு விழவேண்டிய அடியை அவனுடன் பயிலும் கனகசபை வாங்கிக்கொள்ளும் பகுதியை இன்றும் சிரிப்பின்றிப் படித்தல் அரிது. அச்சிரிப்பினூடே ஒரு கண்டனமும் உண்டு. தாய் சுந்தரத்தண்ணியோ கதை சொல்லியே மகனைத் திருத்துபவள். ஒரு கதைக்குள் மற்றொரு கதை கிளைத்துச் செல்லும் இம்முறை மேனாட்டு நாவலைக் காட்டிலும் நம் பாட்டிமார் திண்ணைக்கே நெருங்கியது. தமிழகத்துக்கு வெளியே காலனிகளில் வளரும் நம் குழந்தைகளிற் பலர், பள்ளியில் வேறு மொழி பயின்று, தமிழைக் காதால் மட்டுமே பெறுகின்றனர். அன்னாருக்குத் தமிழ் எழுத்தினும் முன்னதாக வந்து சேர்வது இத்தகைய கதையன்றோ?

கதைத்தலைவி ஞானாம்பாளின் வரலாறு வேறொரு வினாவை எழுப்புகிறது. கணவனைத் தேடி ஆணுடையில் செல்லும் அவளை, விக்கிரமபுரியில் யானை மாலையிட்டு அரசனாக்குகிறது. எவரும் அவளைப் பெண்ணென்று அறியவில்லை, அரசாட்சியிலும் குறையில்லை. உடை மாறியதால் மதிப்பு மாறுமெனில், அறிவுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் வைத்தவர் யார்? ‘பெண்மதி மாலை’யில் நேரே சொன்னதை இங்கே கதையாக்கிக் காட்டிவிட்டார். அவர் கிறிஸ்தவர், அவர் கதையின் குடும்பமோ இந்துக் குடும்பம். 1878-இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை வெளியிட்டவருக்கு அது வேலியாகத் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்கு விளங்காத ஆங்கிலத்தில் வக்கீல்கள் வாதிடுவதையும் நாவல் எள்ளி நகையாடுகிறது. இது கதைக்காகப் புனைந்த கோபம் அன்று. நாவல் வெளிவருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, 1862-இல், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் அவர் நூலாக்கியிருந்தார்.