துரை பங்களாவின் பின்கதவு

திம்புள்ளயில் நாங்கள் இருந்த லயத்து வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் துரை பங்களாவின் புகைபோக்கி தெரியும். தாத்தா அங்கே தோட்டக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பூப்பாத்திகளைப் பார்த்துக்கொண்டவர், முன்வாசல் வழியாக ஒருநாளும் உள்ளே போனதில்லை.

இந்தப் பங்களாக்களை இங்கிலாந்து நாட்டுப்புற மாளிகைகளின் நகல் என்பார்கள். பாதிதான் உண்மை. அசல் நகல் பார்க்க ஹப்புத்தளைக்குப் போக வேண்டும். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிமுடித்த அதிஷாம் பங்களா, கென்ட் பகுதியின் லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கருங்கல்லில் எழுப்பியது. இன்று அது துறவிகளின் மடம்.

திம்புள்ளயின் பங்களா வேறு ரகம். கணப்படுப்பு, பிதுங்கி நிற்கும் கண்ணாடி ஜன்னல், புல்தரை எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. 'பங்களா' என்ற பெயரோ வங்காளத்திலிருந்து வந்தது. அகன்ற இஸ்தோப்பும் வெயில் தேசத்து வழக்கம். மேலே தகரக் கூரை. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்து, 1885இல் ரயிலும் நானுஓயாவை எட்டியது. பொகவந்தலாவைப் பக்கம் இன்று ஹோட்டலாக இருக்கும் தியென்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது.

என்னைக் கேட்டால், ஜன்னலைவிட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பங்களா இருப்பது மலைத்தோளில். இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே ஸ்டோரையும் பிரட்டுக்களத்தையும் பார்க்கலாம். குசினி பின்னால் தனியே. புகையும் சமையல்காரரும் வீட்டுக்குள் தெரியாதபடி இடையில் ஒரு நடை. குளியலறைகளுக்கு வெளிப்புறமாகவும் ஒரு கதவு. குழாய் வசதி வராத காலத்தில் மலவாளி எடுப்பவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்துபோக அந்த வழி.

கீழே லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, 10 அடிக்கு 12 அடி. அதற்கும் தகரக் கூரைதான். அடியில் பலகை மச்சு கிடையாது. மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

அந்தப் பங்களாவும் இப்போது ஹோட்டல். போன வருடம் காசு கொடுத்து முன்வாசல் வழியாகப் போனேன். சுற்றிக்காட்டிய பையன் கணப்படுப்பின் பளிங்கைப் பற்றி நிறையச் சொன்னான். குளியலறையின் வெளிக்கதவை ஆணியடித்து மூடி, சுவரின் நிறத்தையே பூசியிருந்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். பழைய அலமாரியாக இருக்கும் என்றான். அவனும் எங்கள் லயத்துப் பையன்தான்.